மக்கெரேரேயில் கைமாறிய கைப்பிரதி

எழுதுகிறவர்கள் கூட்டத்துக்கும் மாநாட்டுக்கும் போவதால் என்ன பயன் என்று கேட்டீர்கள். டீ வரட்டும், நிதானமாகவே பேசுவோம். கேள்வி நியாயமானதுதான். எழுத்து தனி ஆள் வேலை. வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளை மேஜை முன்னால் செலவழித்தால் இரண்டு பக்கமாவது தேறும். அதையே பேருந்திலும் மண்டபத்து நாற்காலியிலும் கழித்துவிட்டு, நாலு பேர் பேசியதைக் கேட்டுத் திரும்பினால் எழுத்தில் என்ன கூடிவிடும்? போக வேண்டாம் என்கிறவர்கள் சோம்பேறிகளோ தலைக்கனம் பிடித்தவர்களோ இல்லை. நேரத்தின் அருமை தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள்.

ஆனாலும் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பொதுவாகப் பேசினால் இது வெறும் வாதமாக நின்றுவிடும். அதனால் நடந்த மாநாடு ஒன்றையே எடுத்துவைத்துப் பார்ப்போம். அதில் நல்லதும் இருக்கிறது, கோளாறும் இருக்கிறது. இரண்டுமே நமக்கு உதவும்.

1962 ஜூன். கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் கம்பாலா நகரம். நாடு விடுதலை பெற இன்னும் நாலு மாதம் பாக்கி. அங்கே குன்றின்மேல் இருக்கும் மக்கெரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில், ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கென்று ஒரு மாநாடு கூட்டினார்கள். நைஜீரியாவிலிருந்து சினுவா அச்செபே, வோலே சோயிங்கா, கிறிஸ்டோபர் ஒகிக்போ, ஜே. பி. கிளார்க் வந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை விட்டு வெளியேறியிருந்த எசேக்கியேல் ம்ஃபாலேலே, லூயிஸ் இன்கோசி, பிளோக் மோடிசானே வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் வந்திருந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சோயிங்காவுக்கு அப்போது வயது 27. அச்செபேவுக்கு 31. ஒரு கண்டத்தின் புதிய இலக்கியம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அதை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசினார்கள்.

இவர்களில் பலர் ஒருவரையொருவர் அச்சில் மட்டுமே அறிந்தவர்கள். கண்டத்தின் மேற்கில் லேகோஸ், கிழக்கில் கம்பாலா, தெற்கே ஜோகன்னஸ்பர்க். காலனி ஆட்சியில் இந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் லண்டனோடு இருந்த தொடர்பு ஒன்றுக்கொன்று இருக்கவில்லை. புத்தகம் லண்டனில் அச்சாகும், மதிப்புரை லண்டனில் வரும். ஆப்பிரிக்க எழுத்தாளர் ஒருவர் இன்னொரு ஆப்பிரிக்க எழுத்தாளரோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு மட்டும் இடம் கிடையாது. அந்த இடத்தைத்தான் மாநாடு உண்டாக்கிக் கொடுத்தது.

அந்தக் கல்லூரியிலேயே ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவருக்கும் அழைப்பு வந்தது. கென்யாக்காரர், வயது 24, பெயர் ஜேம்ஸ் கூகி. அச்சில் வந்த இரண்டு சிறுகதைகள்தான் அவரை அந்த அறைக்குள் விட்ட அனுமதிச் சீட்டு. ஆனால் அவரிடம் ஒரு நாவலின் கைப்பிரதி இருந்தது. அச்செபே அப்போது இரண்டு நாவல்கள் வெளியிட்டுப் பேர் பெற்றுவிட்டவர். 1958-ல் வந்த அவருடைய முதல் நாவலை 'சிதைவுகள்' என்ற பெயரில் நாம் தமிழிலேயே படிக்கலாம். மாணவர் தயங்கித் தயங்கித் தன் கைப்பிரதியை அவரிடம் கொடுத்தார். மாநாட்டின் அத்தனை வேலைக்கு நடுவிலும் அச்செபே அதைப் படித்தார், திருத்த யோசனைகளும் சொன்னார். கைப்பிரதி லண்டன் ஹைனமன் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1964-ல் நாவலாக வந்தது. தமிழில் எஸ். பொ. 'தேம்பி அழாதே பாப்பா' என்று மொழிபெயர்த்தது அந்த நாவலைத்தான். மாணவர், பின்னாளில் உலகம் அறிந்த கூகி வா தியாங்கோ.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கைப்பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கலாமே, மாநாடு எதற்கு? அனுப்பியிருக்கலாம்தான். லண்டனில் ஒரு பதிப்பாசிரியர் படித்திருப்பார். ஆங்கிலம் சரியா, விற்குமா என்று பார்த்திருப்பார். ஆனால் கிராமத்துப் பெரியவர்களின் பேச்சை ஆங்கில வாக்கியத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது, மிஷன் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் படிக்காத தகப்பனுக்கும் இடையே விழும் இடைவெளியைக் கதையில் எங்கே வைப்பது என்ற சிக்கல்களோடு தானே மல்லுக்கட்டி வெளியே வந்த ஒருவர் படிப்பது வேறு. அப்படிப்பட்ட வாசகர் அன்றைக்கு உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்களில் ஒருவர் அந்த வாரம் அந்த வளாகத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்.

எழுத்தாளருக்குக் கூட்டம் தருகிற முதல் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன். நம் எழுத்து அச்சாகும் முன்பே, அதே பாதையில் நமக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்கிற ஒருவர் கண்ணில் அது படுகிறது. வீட்டில் இருப்பவர்கள் அன்பால் பாராட்டுவார்கள். நண்பர்கள் மரியாதைக்காகப் பாராட்டுவார்கள். அச்சான பிறகு வருகிற விமர்சனத்தால் அந்தப் புத்தகத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. திருத்தலாம் என்கிற நிலையில் இருக்கும்போதே தகுந்த ஆள் படிப்பது அபூர்வம். அந்த அபூர்வத்துக்கு வாய்ப்பைக் கூட்டிக்கொடுப்பதுதான் கூடுகை.

இன்னொன்றும் கவனியுங்கள். அது மேடையில் நடக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் 'மாணவரின் கைப்பிரதியை அச்செபே படித்தல்' என்று ஓர் அமர்வு இருந்திருக்காது. எந்த மாநாட்டிலும் எழுத்தாளருக்கு உண்மையில் தேவையானது இரண்டு அமர்வுகளுக்கு நடுவில்தான் கிடைக்கிறது. டீக்கடை வாசலில், சாப்பாட்டு வரிசையில், ராத்திரி தங்கும் அறையில். அதனால்தான் காலையில் வந்து தன் அமர்வில் மட்டும் பேசிவிட்டு மதியம் கிளம்புகிறவருக்கு, 'மாநாட்டில் ஒன்றுமில்லை' என்று தோன்றுகிறது. அவர் இருந்த நேரத்தில் ஒன்றும் நடந்திருக்காது.

அதே மாநாட்டுக்குக் கென்யாவிலிருந்து கிரேஸ் ஒகோட் என்ற பெண் வந்திருந்தார். தன் சிறுகதை ஒன்றை அங்கே படித்தார். சுற்றிப் பார்த்தால், கிழக்கு ஆப்பிரிக்காவின் எழுத்து என்று காட்ட அங்கே வேறு எதுவுமே வைக்கப்பட்டிருக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து புத்தகம் புத்தகமாக வந்திருக்கிறது, தன் பக்கத்தில் அலமாரி காலி. எழுதியதை நூலாக்கியே ஆக வேண்டும் என்ற முனைப்பு அங்கேதான் அவருக்கு வந்தது. 1966-ல் நைரோபியில் அவருடைய நாவல் வெளிவந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் பெண்களில் ஒருவராக இன்று அவரைச் சொல்கிறோம். இவருக்கு யாரும் கைப்பிரதி திருத்திக் கொடுத்ததால் வந்த பயன் இல்லை இது. தன் ஊரில் இருந்தவரை தெரியாத ஒரு வெற்றிடம், மற்றவர்கள் நடுவில் நின்றபோது தெரிந்தது, அவ்வளவே. இது இரண்டாவது பயன். நாம் எழுதுகிற மாதிரி வேறு யாரும் எழுதுவதில்லை என்றோ, நம்மைப் பற்றி யாருமே எழுதவில்லை என்றோ வீட்டிலிருந்தபடி கண்டுபிடிப்பது கடினம்.

மூன்றாவது பயன் இன்னும் ஆழமானது, கொஞ்சம் கசப்பானதும்கூட. மாநாட்டின் பெயரிலேயே 'ஆங்கிலத்தில் எழுதும்' என்று இருந்ததல்லவா? சுவாஹிலி மொழியில் அன்றைக்குப் பெரும் கவிஞராக ஷாபான் ராபர்ட் இருந்தார். யொரூபா மொழியில் ஃபகுன்வா நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றிருந்தார். இருவரும் உயிரோடு இருந்த காலம். மாநாட்டின் வரையறைப்படி இவர்கள் உள்ளே வர முடியாது. இரண்டே ஆங்கிலச் சிறுகதை எழுதிய மாணவர் உள்ளே, தங்கள் தாய்மொழியில் வாழ்நாள் முழுக்க எழுதிய பெரியவர்கள் வெளியே. உள்ளே உட்கார்ந்தவர்களோ 'ஆப்பிரிக்க இலக்கியம் என்றால் என்ன' என்று தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1963-ல், நைஜீரியாவின் ஓபி வாலி இதைச் சாடிக் கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்க மொழிகளில் எழுதாமல் ஐரோப்பிய மொழிகளில் எழுதிக்கொண்டே போனால் முட்டுச்சந்துக்குத்தான் போய்ச் சேருவோம் என்பது அவர் வாதம். அச்செபே அதை ஏற்கவில்லை. ஆங்கிலத்தை நமக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம் என்று 1965-ல் பதில் எழுதினார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. இன்றுவரை தீராத வழக்கு அது.

அந்த மாணவர் என்ன ஆனார்? கேள்வி அவரை விடவில்லை. 1977-ல் தன் ஊர்ப் பக்கத்து மக்களோடு சேர்ந்து, அவர்கள் மொழியான கிக்குயூவில் நாடகம் போட்டார். அரசாங்கம் நாடகத்தைத் தடை செய்தது, ஆண்டுக் கடைசியில் அவரைக் கைது செய்து விசாரணையின்றிச் சிறையில் வைத்தது. சிறையில் கழிப்பறைத் தாளில் கிக்குயூ மொழியிலேயே ஒரு நாவல் எழுதினார். தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்தது அதுதான். 1986-ல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரை நூலில், மொழியைப் பற்றிய முதல் கட்டுரையிலேயே மக்கெரேரே மாநாட்டை எடுத்துக்கொண்டு, தான் எப்படி உள்ளே இருந்தேன், ஷாபான் ராபர்ட் ஏன் வெளியே இருந்தார் என்று கேட்கிறார். 2025 மே மாதம் காலமாகும் வரை அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

மாநாடு நடத்தியவர்கள் இப்படி ஒரு பலனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். போன வாரம் போனேன், என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிரதி இரண்டு ஆண்டில் புத்தகமானது. கேள்வி பலன் தர பதினைந்து ஆண்டானது. எது பெரிய பலன் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவது ஒரு நாவலைத் தந்தது, இரண்டாவது ஓர் எழுத்தாளரையே திசை திருப்பியது.

ஓபி வாலியின் கட்டுரையும் அச்செபேயின் பதிலும் வந்தது 'டிரான்சிஷன்' என்ற பத்திரிகையில். கம்பாலாவில் 1961-ல் அதைத் தொடங்கியவர் ரஜத் நியோகி, அங்கேயே பிறந்த வங்காளி வம்சத்தவர். அவரும் மாநாட்டில் இருந்தார். பத்திரிகை இல்லாவிட்டால் அந்த வாரத்துப் பேச்சு அந்த வாரத்தோடு காற்றில் போயிருக்கும். ஒரு கூட்டம் நல்ல கூட்டமா என்று தெரிந்துகொள்ள நான் பார்க்கிற அடையாளங்களில் ஒன்று இது: அங்கே பேசியது பிறகு எங்காவது எழுத்தில் தொடர்கிறதா?

செலவு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். மக்கெரேரே மாநாட்டுக்குப் பின்னால் 'கலாச்சார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' என்ற அமைப்பின் ஆதரவு இருந்தது. அந்த அமைப்புக்கு அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. பணம் கொடுத்து வந்தது 1966-67-ல் அம்பலமானது. வந்திருந்த எழுத்தாளர்களுக்கு அது பேரதிர்ச்சி. அதற்காக அங்கே நடந்த நல்லது பொய்யாகிவிடாது. ஆனால் அழைப்பிதழ் வந்தால், பயணச்செலவு தருவது யார், அவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டுவிட்டுப் போவது எழுத்தாளரின் கடமை.

பெரிய மாநாடு ஒரு வகை. சிறிய பட்டறை இன்னொரு வகை. தொழில் கற்க இரண்டாவதே மேல். 1956-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் என்ற மூன்று அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பார்வையாளர்களுக்கு இடமில்லை, எழுதுகிறவர்கள் மட்டும். அங்கே உருவான முறை இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. எல்லோரும் கதையை முன்கூட்டியே படித்துவிட்டு வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவராகச் சில நிமிடம் பேச வேண்டும். கதை எழுதியவர் கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வட்டத்தில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கதையில் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார், வந்து திண்ணையில் உட்காருகிறார். முதலில் பேசுகிறவர், 'மகள் ஏன் வெளியே வரவில்லை? கோபமா?' என்கிறார். எழுதியவருக்கு எரிச்சல் வருகிறது, மகள்தான் வேலைக்குப் போயிருக்கிறாளே! சொல்ல வாயெடுக்கிறார், விதி தடுக்கிறது. இரண்டாவது ஆள் வேறு எதையோ பாராட்டுகிறார். மூன்றாவது ஆள், 'மகள் அப்பாவை வெறுக்கிறாள் என்பதை வாசலுக்கு வராததை வைத்தே காட்டியது நன்றாக இருக்கிறது' என்கிறார். ஐந்தாவது ஆளும் அதே இடத்தில் தடுக்கிக்கொள்கிறார். இப்போது எழுதியவர் கைப்பிரதியைப் புரட்டுகிறார். மகள் காலை ஷிப்டுக்குப் போன ஒரு வரி முதல் படியில் இருந்தது. இரண்டாம் படியில் அடித்துவிட்டார். அவர் மனசில் அந்த வரி இன்னும் இருக்கிறது, தாளில் இல்லை.

முதல் ஆள் கேட்டபோதே வாயைத் திறந்து விளக்கியிருந்தால் மற்றவர்கள் 'ஓ, அப்படியா' என்று அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள், பிழை தாளிலேயே தங்கியிருக்கும். மூன்று பேர் ஒரே இடத்தில் இடறினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். அவர்கள் சொல்கிற மருந்து தப்பாக இருக்கலாம், வலி இருக்கிற இடத்தைச் சரியாகவே காட்டுவார்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ருசியாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை உணர பல வாசகர்கள் ஒரே நேரத்தில் எதிரில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பிக் கருத்துக் கேட்டால் இந்தத் தெளிவு வருவதில்லை, முதலாமவருக்குப் பதில் எழுதும்போதே நம் மனசு வாதாடத் தொடங்கிவிடும்.

மில்ஃபோர்டு முறையை வைத்தே 1968-ல் அதே மாநிலத்தில் கிளாரியன் என்ற இடத்தில் புதியவர்களுக்கான ஆறு வார முகாம் தொடங்கியது. 1970-ல் அங்கே ஆக்டேவியா பட்லர் வந்தார். கலிஃபோர்னியாவின் பசடீனாவில், வீட்டு வேலை செய்து குடும்பம் நடத்திய தாயிடம் வளர்ந்த கறுப்பினப் பெண். கூச்ச சுபாவம். அந்த முகாமில் அவருடைய முதல் கதைகள் விலைபோயின. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அவரும் நினைத்தார். அடுத்த ஐந்து வருடம் திரும்பி வந்த கதைகளும் சில்லறை வேலைகளும்தான். 1976-ல்தான் முதல் நாவல் வந்தது. பிறகு அறிவியல் புனைகதையின் பெரும் ஆளுமைகளில் ஒருவரானார்.

பட்லரை எதற்குச் சொல்கிறேன் என்றால், முகாமுக்குப் போய்விட்டு வந்த மறுமாதமே ஒன்றும் நடக்கவில்லையே என்று மனமுடைந்தவர்கள் நிறையப் பேர். அந்த ஐந்து வருடத்தை எழுதித்தான் கடக்க வேண்டும், எந்த முகாமும் அதைக் குறைத்துத் தராது. ஆனால் அந்த வருடங்களில் 'நான் எழுத்தாளர்தான்' என்று நம்புவதற்கு அவரிடம் ஓர் ஆதாரம் இருந்தது. முன்பின் தெரியாத, தொழில் தெரிந்தவர்கள் அவர் கதையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கம் வருவோம். அசோகமித்திரன் 1973-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். பல நாட்டு எழுத்தாளர்களை மாதக்கணக்கில் ஒரே கட்டடத்தில் தங்கவைத்து, எழுதுங்கள், பேசுங்கள் என்று விட்டுவிடும் ஏற்பாடு அது. அங்கிருந்து அவருக்குக் கிடைத்தது 'ஒற்றன்' என்ற நாவல். அதில் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் எழுத்தாளர்கள்தான். நாவலுக்குச் சுவரை அடைக்கிற மாதிரி வரைபடம் போட்டுவைத்திருக்கும் பெரூ நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். தனிமை, பொறாமை, குளிர், சமையல், கடன் என்று அன்றாடத்தின் வழியே எழுத்தாளர்களைக் காட்டும் நூல் தமிழில் இதைப் போல வேறில்லை. அசோகமித்திரன் அங்கே உரையாற்றியது யாருக்கும் நினைவில்லை. அவர் பார்த்தது நிற்கிறது. மற்ற எழுத்தாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எழுத வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதே பெரிய படிப்பு.

அயோவா வரை போக வேண்டும் என்பதில்லை. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி தன் ஊரிலேயே 'காகங்கள்' என்று மாதக் கூட்டம் நடத்தினார். கட்டுரை படித்து விவாதிப்பார்கள். குற்றாலத்தில் கலாப்ரியா முன்னின்று நடத்திய 'பதிவுகள்' கவிதைச் சந்திப்புகளில் இரவெல்லாம் பேச்சு நடந்ததைப் பல கவிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் தமிழ், மலையாளக் கவிஞர்கள் ஒன்றாகத் தங்கிப் பரஸ்பரம் மொழிபெயர்த்துக்கொண்ட சந்திப்புகள் நடந்தன. கோவையில் 2010 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் விருது விழாவில், விருதுக்கு முன்பாக எழுத்தாளர்களை வாசகர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் அமர்வுகளே நாள் முழுக்க நடக்கின்றன. கேள்வி கேட்கிறவர் அந்த எழுத்தாளரைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது எழுதாத விதி. தமிழ்க் கூட்ட மரபில் இது பெரிய மாற்றம், மற்றவர்களும் பின்பற்ற வேண்டியது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களின் 'இலக்கியச் சந்திப்பு'. 1988-ல் ஜெர்மனியில் தொடங்கியது. ஊர் ஊராக, நாடு நாடாக மாறி நடந்தது. நிரந்தரத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. ஒரு நகரத்து நண்பர்கள் பொறுப்பேற்பார்கள். வருகிறவர்கள் பலர் அவர்கள் வீடுகளிலேயே தங்குவார்கள். பகலில் ஓட்டல் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துவிட்டு இரவில் எழுதியவர்களுக்கு, அரசுகளையும் இயக்கங்களையும் பயமில்லாமல் விமர்சிக்கக் கிடைத்த இடம் அது. 2013-ல் நாற்பதாவது சந்திப்பு லண்டனிலும் நாற்பத்தொன்றாவது யாழ்ப்பாணத்திலும் நடந்தன. மேடையோ மாலையோ இல்லாமலே ஒரு கூடுகை கால் நூற்றாண்டு நிற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேரையாவது முன்கூட்டியே முழுதாகப் படியுங்கள். படித்துவிட்டு வந்த ஒருவர் கேட்கும் ஒரு கேள்வி, எழுத்தாளர் மனசில் பல நாள் நிற்கும். செல்ஃபி எடுத்தவர்கள் முகம் மறந்துபோகும். கேள்வியைச் சிறியதாகக் கேளுங்கள். அந்த நேரம் உங்கள் உரைக்கு உரியதில்லை, அவர் பதிலுக்கு உரியது.

கைப்பிரதியை நீட்டலாமா என்று எல்லோரும் தயங்குகிறார்கள். மக்கெரேரேயில் அந்த மாணவரும் தயங்கினார், ஆனால் நீட்டினார். நாவல் முழுவதையும் கையில் திணிக்காதீர்கள். 'ஒரே ஒரு கதை, எட்டுப் பக்கம், நேரம் இருக்கும்போது பார்க்க முடியுமா?' என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால் மனம் கோணாதீர்கள், அவர்களுக்கும் எழுத வேண்டிய வேலை இருக்கிறது. மூத்தவர்களைவிட, உங்களைப் போலவே இப்போது எழுத வந்திருக்கிற மூன்று பேரைச் சம்பாதித்துக்கொண்டு திரும்புவது நல்லது. அடுத்த இருபது வருடம் உங்களைப் படிக்கப் போவது அவர்கள்தான். மொழிபெயர்ப்பாளர்கள் வந்திருந்தால் கட்டாயம் பேசுங்கள், ஓர் எழுத்தாளரின் வாக்கியத்தை அவர்களைப் போல ஊன்றிப் படிக்கிறவர்கள் குறைவு. பதிப்பாளர் உற்சாகமாகப் பேசினால் சந்தோஷம், எத்தனை பிரதி, ராயல்டி எவ்வளவு, எப்போது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொகுப்பில் சேர்க்கவோ விருது தரவோ பணம் கேட்கிற கூட்டங்களும் இருக்கின்றன, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பெண்களுக்கு இதில் கூடுதல் தடைகள் இருக்கின்றன, அதைப் பேசாமல் விடக் கூடாது. முக்கியமான பேச்செல்லாம் ராத்திரி அறையில்தான் நடக்கிறது என்றால், அந்த அறைக்குள் போக முடியாத எழுத்தாளருக்குப் பாதி மாநாடு இல்லை. தனித் தங்குமிடம் இருக்கிறதா, குழந்தையோடு வரலாமா, கடைசி அமர்வு எத்தனை மணிக்கு முடியும் என்றெல்லாம் நடத்துகிறவர்களிடம் உரிமையோடு கேளுங்கள். நடத்துகிறவர்கள் நல்ல பேச்சைப் பகல் வெளிச்சத்துக்கு, எல்லோரும் உட்காரக்கூடிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்ற மக்கெரேரேயின் கேள்வி இங்கேயும் பொருந்தும்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும். எல்லாக் கூட்டத்திலும் காணக் கிடைக்கிறவர்கள் எழுதுவது எப்போது என்று எனக்குக் கவலையாக இருக்கும். போனால் முழுதாகத் தங்குங்கள். திரும்பும் ரயிலிலேயே கேட்டதை எழுதி வையுங்கள், வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துவிடும். உங்கள் கதையைப் படித்தவருக்கு ஒரு வாரத்துக்குள் கடிதம் போடுங்கள், அவர் சொன்னதில் எதைத் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

இப்போதைக்கு டிசம்பர் கோவை விழாவையே வைத்துக்கொள்ளுங்கள். தேதி அறிவித்தவுடன் ரயில் டிக்கெட் போட்டுவிடுங்கள், விடுமுறைக் கூட்டத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. போர்வை ஒன்று, நோட்டுப் புத்தகம் ஒன்று, அந்த எட்டுப் பக்கக் கதையின் பிரதி இரண்டு. கதையை மட்டும் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு முறை அனுப்புங்கள்.